தாய்மாமன் பெயர்

நல்ல காரியம் பேச வருகிறவர்களின் கண்ணில் செத்தவர் படம் படக்கூடாதாம். கணவன் சொன்னதற்காகச் செல்வராணி தன் அண்ணன் தினேசனின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். மனம் கேட்கவில்லைத்தான். ஆனாலும் மகள் சிவானுஜா ஆசைப்பட்ட பொடியன். சுவிஸின் இந்த வில் நகரத்தில் இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கப்போகிறது?

கணவன் ஐயரை ஏற்ற ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சிவானுஜாவும் மாப்பிள்ளையும் பல்கனியில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சண்முகலிங்கம் கலியாணப் பத்திரிகைக்கு மாதிரி எழுத உட்கார்ந்தார். முதலில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே இரண்டு கோடு, மூன்று புள்ளி.

செல்வராணி கிட்டக் குனிந்து அந்தச் சுழியைப் பார்த்தாள்.

"வடிவான எழுத்து, அண்ணை."

"இயக்கத்திலை இருக்கேக்கை நோட்டீஸ் எல்லாம் நான்தான் எழுதுறது, தங்கச்சி."

அவள் எழுந்து போய், அலுமாரிக்குள் இருந்த படத்தின் பின்னால் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, லைட் போஸ்டில் கட்டிச் சுடப்பட்ட தினேசனின் கழுத்தில் தொங்கிய தாள். 'துரோகி தினேசன்' என்றிருந்தது. மேலே பிள்ளையார் சுழி, இரண்டு கோடு, மூன்று புள்ளி. பாழாய்ப்போன கைப்பழக்கம், கொலைக்கும் பிள்ளையாரைக் கூப்பிட்டிருக்கிறது!

சண்முகலிங்கம் தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். மறுக்கவில்லை.

"எங்கடை பொடியள் நாலு பேரை ஆமிக்குக் காட்டிக் குடுத்தவர். ஊரைக் காப்பாத்தத்தான் எழுதினன்."

"ஓம், காட்டிக் குடுத்தவர்தான். இல்லாட்டில் ஊரைக் கொளுத்துவம் எண்டு ஆமி சொன்னது. அவரும் ஊருக்காகத்தான் செய்தவர்."

"இண்டைக்குக் கேட்டாலும் பிழை எண்டு சொல்லமாட்டன், தங்கச்சி."

"அவரும் சொல்லியிருக்கமாட்டார்."

கீழே கார்க் கதவு அடிபட்டது. "அம்மா, ஐயர் வந்திட்டார்! எழுதியாச்சோ?" என்று சிவானுஜா பல்கனியில் நின்று கேட்டாள்.

ஒரு சொல் சொன்னால் கலியாணம் முறிந்துவிடும். சொல்லாவிட்டால், நாளைக்குப் பேரப்பிள்ளை இதை எழுதின கையைப் பிடித்துத்தான் நடை பழகும். செல்வராணி பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"தாய்மாமன்ரை பேர் விடுபட்டிருக்கு. முன்னுக்கு அமரர் எண்டு போடுங்கோ."

அவர் எழுதினார். அமரர் தினேசன். இரண்டு தாளிலும் ஒரே எழுத்து.

"எழுதியாச்சு, பிள்ளை," என்றாள் செல்வராணி.