வால்வுக்கு ஆரத்தி

1

சைரன் அலறியபோது கிள்ளானில் ஒரு கடையோரம் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். எதிரே இருந்த ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அன்று ஆயுத பூசை. எல்லார் நெற்றியிலும் திருநீறு.

"அமோனியா லா," என்றார் கடைக்கார வள்ளியம்மா, அடுப்பை அணைத்தபடி. "காத்து அந்தப் பக்கம்தான் போவுது. இருந்தாலும் தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள வாங்க."

ஓடிவந்தவர்கள் எல்லாரும் மூக்கைச் சுளித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் சுளிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கு சும்மா இருக்கிறது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பி எழுதியது. அவருக்குக் கமலநாதன் என்று பெயர் வைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நச்சுப்புகையை நெஞ்சு நிமிர்த்தி எதிர்த்து நின்றார் மாவீரர் கமலநாதன். அவர்…"

அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைக்கு எழுதி எழுதி, கை தானாக வீரனைத் தேடுகிறது. அமோனியாவிடம் வீரம் செல்லாது.*

* நிறமில்லாத வாயு, காற்றைவிட லேசு. உரம் செய்ய ஆகும், தரை துடைக்கும் திரவத்தில் இருக்கும். அழுத்திக் குழாய்க்குள் ஓடவிட்டால் தண்ணீரைக் கட்டியாக்கும். நம் மீன் பாசார் ஐஸெல்லாம் அதன் தயவு. வெளியே வந்தால் ஈரத்தைத் தேடிப் போகும். மனிதனிடம் ஈரம் இருப்பது கண்ணில், தொண்டையில், நுரையீரலில். அதற்கு ஒரே ஒரு நல்ல குணம்: கடிக்கும் முன் நாறும். (மூக்கு வேலை செய்தால்.)

3

கமலநாதனுக்கு மூக்கு வேலை செய்யவில்லை. போன வருடக் காய்ச்சலில் போன வாசனை திரும்பவேயில்லை. கம்ப்ரசர் அறையைக் காப்பவருக்கு வாடை தெரியாது என்று கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போகும். தெரியாமலே இருந்தால், என்றாவது பக்கத்தில் நிற்பவன் உயிர் போகும். அவர் வாயைத் திறக்கவில்லை. கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு வால்வாகக் காட்டிப் பார்த்தார். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை கிளம்பும். மூக்கின் வேலையைக் கண் பார்த்தது.

கூட வேலை செய்யும் லோகனுக்கு அது தினசரி வேடிக்கை. "அண்ணே, வால்வுக்கு ஆரத்தி காட்டியாச்சா? பிரசாதம் எங்க?"

"ஐஸ்தான் பிரசாதம். எடுத்துக்கடா."

ஆயுத பூசையன்று மெஷினுக்குச் சந்தனம் பூசி, அறை நிறையச் சாம்பிராணி போட்டார்கள். பிறகு கமலநாதன் குச்சியை நீட்டினார். எங்கே பார்த்தாலும் வெள்ளைப் புகை. எது சாமிக்கு, எது கசிவுக்கு?

"அண்ணே, ஒரு மாதிரி வாடை வரல?" என்றான் லோகன்.

கமலநாதன் மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை.

"சாம்பிராணி லா. நீ வேலையப் பாரு."

லோகன் வால்வுக்குக் கீழே குனிந்தான். குனிந்தவன்…

[இங்கே குழாய் வெடிக்கும் சத்தத்தோடு மூன்று பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். சத்தம் எழுதுவது சுலபம்.]

லோகன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். கண்ணுக்குத் துண்டு இல்லை.

4

ஆஸ்பத்திரியில் லோகனின் இரண்டு கண்ணிலும் கட்டு. அவிழ்த்தால்தான் பார்வை இருக்கிறதா என்று தெரியுமாம். நாளை கம்பெனி விசாரணை. கமலநாதன் சாப்பாட்டுக் கேரியரோடு கட்டிலருகே நிற்கிறார், சொல்வதா வேண்டாமா என்று.

முதல் முடிவு: சொல்கிறார், லோகன் மன்னிக்கிறான். (வாசகர் கடிதம் குவியும். ஆனால் கண்கட்டைக்கூட அவிழ்க்காதவனை அதற்குள் ஏன் மன்னிக்கச் சொல்லவேண்டும்?)

இரண்டாவது: சொல்லவில்லை. கந்தகக் குச்சியோடு மறுபடி அதே அறைக்கு… அந்த வால்வுக்குக் கீழே அடுத்து யார் குனிவார்கள் என்று நினைத்தேன். எழுத ஓடவில்லை.

ஆகவே கமலநாதனின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி வரை நான் கொண்டுவந்து விடுகிறேன்.

காலையில் கட்டிய சாப்பாடு. வெயிலில் நின்ற காருக்குள்ளேயே கிடந்த கேரியர். கமலநாதன் மூடியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் நீட்டினார். லோகன் வாயைத் திறக்கவில்லை. கட்டுப்போட்ட முகத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பினான்.

"கொழம்பு ஊசிப் போயிருக்குண்ணே… அன்னிக்கும் உங்களுக்கு வாடையே வரலதானே?"