வளைவு தாண்டும் வரை

கரண்டியால் ஊற்றிய சாகோ பனைமாவுக் கஞ்சி உள்ளே போகவில்லை. கடைவாயில் தேங்கி, கழுத்துப் பள்ளத்தில் வழிந்து, பாயில் சொட்டியது. நயோமி இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதுவும் வழிந்தது. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் விரலை அழுத்தி நூறு வரை எண்ணினாள்.

அப்பா மரேகா செத்துப்போயிருந்தார்.

வீடு ஆள் உயரக் கால்களின் மேல் நின்றது. தரைப்பலகை இடுக்கு வழியாகக் கீழே தலைகள் தெரிந்தன. ஏழு பேர் வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மூங்கில் வில்லை முழங்காலில் கொடுத்து வளைத்தான். இன்னொருவன் பிரம்பைச் சீவி எடுத்த நாணை நனைத்து இழுத்துப் பதம் பார்த்தான். மூன்று நாளாக எவனும் சோப்பைத் தொடவில்லை. வியர்வையும் சேறும் கலந்த வாடை பலகை வழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

"என்ன மச்சான், இருமலையே காணோம்?" கீழேயிருந்து திபோ மாமா கத்தினார். அம்மாவின் அண்ணன். "எங்கள அனுப்பிட்டு ஒரு தூக்கம் போடலாம்னு பாக்குறீரா?"

கீழே எல்லாரும் சிரித்தார்கள்.

நயோமி வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று சாயங்காலம் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

"நான் முந்திக்கிட்டா சத்தம் போடாத. படகெல்லாம் வளைவு தாண்டட்டும். ஒரே விருந்துல ரெண்டு பேரு துக்கத்தையும் முடிச்சிருங்க. இல்லேன்னா என் பேரையும் மூணு வருஷம் முழுங்கிட்டுத் திரிவீங்க."

"உளறாமப் படுங்க" என்று எரிந்து விழுந்தாள். அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

துக்க விருந்து முடிகிற வரை செத்தவர் பெயரை ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது. அம்மா போய் மூன்று வருடம். முதல் தடவை வெள்ளம் வந்து விருந்து தள்ளிப்போனது. இரண்டாம் தடவை மேற்கு ஊர்க்காரர்களோடு சண்டை. இப்போது மூன்றாம் தடவை. விருந்து நாளை எண்ண முடிச்சுப் போட்ட கயிறு நான்கு ஊருக்குப் போய்விட்டது. தினம் ஒரு முடிச்சை அவிழ்க்கிறார்கள், இன்னும் ஆறுதான் பாக்கி. கடையில் டின் மீன் வாங்கிப் போட்டு முடித்தால் என்ன என்று போன வருடம் நயோமி கேட்டாள். மாமன்மார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. துக்க விருந்துக்குத் துப்பாக்கியில் விழுந்த கறிகூட ஆகாது. வில்லில் விழுந்ததுதான் வேண்டும்.

அந்த வில்லுக்கும் ஒரு சட்டம் இருந்தது. சாவு தெரிந்தவன் கை பத்து நாளைக்கு வில்லைத் தொடக்கூடாது. படகில் போகலாம், துடுப்புப் போடலாம், நாயைப் பிடித்துக்கொள்ளலாம். வில்லைத் தொட்டால் மட்டும் கூட வந்த எல்லார் அம்பும் கோணிப்போகும். தெரியாதவன் கைக்குத் தீட்டு இல்லை. அவள் இப்போது வாய்விட்டு அழுதால் ஏழு பேர் கையும் கெட்டது. வேட்டைக்குப் போகும் சதுப்பு பத்து நாள் காத்திருக்காது. தண்ணீர் தினம் ஒரு சாண் இறங்குகிறது. இன்னும் நான்கு நாளில் வாய்க்கால் முழுக்கச் சேறு, படகு நகராது.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நான்கு வருடம் விலங்கியல் படித்தவள் நயோமி. அம்பு கோணுவதும் கோணாததும் எய்கிறவன் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எய்கிறவன் கை நடுங்கினால் அம்பு கோணத்தான் செய்யும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அப்பாவின் தலைமாட்டில் குனிந்து, நெஞ்சு அடைத்தவர் மாதிரி இழுத்து இழுத்து இருமினாள்.

"ஆங், இருக்காரு இருக்காரு" என்றார் மாமா. "கெழவன் நம்மளையெல்லாம் பொதச்சிட்டுத்தான் போவான். மச்சான், எந்த வாய்க்கால்ல தண்ணி நிக்குதுன்னு சொல்லும்!"

"கருகின மரத்துக்கு இடப்பக்கம்னு சொல்றாரு மாமா" என்று நயோமி கத்தினாள். அப்பா நேற்றுச் சொல்லி வைத்ததுதான்.

"அவரு வாயி எங்க போச்சு?"

"உங்ககிட்ட கத்திக் கத்தித்தான் தேஞ்சுபோச்சாம்!"

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சத்தத்திலேயே அப்பாவின் கண்ணை மூடினாள். தாடையைத் துணியால் கட்ட வேண்டும். கட்டினால் வாசலிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். போர்வையை மட்டும் மூக்கு வரை இழுத்துவிட்டாள். ஆற்றோரம் இருந்த மருந்தகத்தில் ஆறு மாதமாகப் பூட்டு. அது திறந்திருந்தால் இந்த நாடகம் எதற்கு? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கிண்ணத்தைக் காலால் தள்ளினாள். அதைத் தள்ளியதற்காக உடனே தன் மேலேயே கோபம் வந்தது.

படி கிறீச்சிட்டது. தம்பி காவே. நயோமி எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா வில்லு வேணும்."

வில் அப்பாவின் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியது இந்தக் கை. இப்போதுதான் அவர் கண்ணை மூடிய கை.

"உன் வில்லுக்கு என்ன கேடு? ஒரு மாசமா அதத்தானே செதுக்கிட்டிருந்த?"

"அவருதான் எடுத்துட்டுப் போன்னாரு."

"மனுசன் இருக்கும்போதே சொத்து பிரிக்க வந்துட்டியாடா நாயே?"

"எதுக்குக்கா கத்துற?" காவே அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "தூங்குறாரா?"

"இப்பத்தான் கண்ணசந்தாரு."

"கஞ்சி குடிச்சாரா?"

"குடிச்சாரு."

காவே கிண்ணத்தைப் பார்த்தான். விளிம்பு வரை கஞ்சி இருந்தது. அதன் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. அப்பாவின் நெற்றியில் இரண்டு. அவன் நாக்கை நீட்டி உதட்டை நனைத்துக்கொண்டான்.

"சரி. அது இங்கயே தொங்கட்டும்."

வாசல்படியைத் தாண்டாமலே திரும்பி இறங்கிவிட்டான். கோபித்துக்கொண்டு போகிறான், போகட்டும் என்று விட்டாள். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். அதட்டினால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

சாமான்கள் இறங்கின. இலையில் கட்டிய சாகோ, உப்பு மூட்டை, கொசுவலை, ஒரு பை பாக்கு. வாசனை போக ஆளாளுக்குச் சேற்றை அள்ளி மாரில் பூசிக்கொண்டார்கள். நாய்கள் படகில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தன.

"அம்ப எண்ணுங்கடா! போன தடவ மாதிரி பாதி வழியில ஒப்பாரி வைக்காதீங்க." மாமாவின் குரல் துறையிலிருந்து வந்தது. "மச்சான்! பெருசா ஒண்ணு கொண்டாறோம். பல்லத் தீட்டி வையும்!"

நயோமி இருமினாள். இந்த முறை வரவழைக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று படகுகள். வேட்டைக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்க்கவில்லை. கடைசிப் படகின் பின்முனையில் காவே நின்று துடுப்புப் போட்டான். முதல் படகு வளைவில் மறைந்தது. இரண்டாவது. மூன்றாவது மறைந்த பிறகும் நாயின் குரைப்பு தண்ணீர் மேல் வந்துகொண்டிருந்தது. அது நிற்கும் வரை சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளே வந்து துணியைக் கிழித்து அப்பாவின் தாடையைக் கட்டினாள். அழலாம் இப்போது. வரவில்லை. பெண்களைக் கூப்பிட வேண்டும், குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினாள்.

படகு கட்டும் மரத்தின் வேரில் ஒரு வில் சாய்த்து வைத்திருந்தது. புது மூங்கில், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. காவேயுடையது. பக்கத்தில் அவன் அம்புகள், ஒன்றுகூடக் குறையாமல், ஒரே கட்டாக.

வாளியைக் கீழே வைத்துவிட்டு வில்லின் அருகே உட்கார்ந்தாள். நாணின் ஒரு முனையைக் கழற்றித் தளர்த்தி விட்டிருந்தான். நாண் இன்னும் காயவில்லை.