பதினோராம் படிக்கும் பன்னிரண்டாம் படிக்கும் நடுவில்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. வெள்ளவத்தையில் எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் துஷ்யந்தி, தான் எழுதிய கைநூலில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொன்னாள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடுவது எப்படி என்று தமிழில் எழுதியது. லினக்ஸ் யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். கைநூலோ, கணினி என்றாலே தள்ளி நிற்பவர்களுக்கானது. ஆறு பக்கம், பன்னிரண்டு படிகள், மூன்று எழுத்துப்பிழை. நான்காவது பிழையை அவள் வாயால் சொல்லித்தான் அறிந்தேன்.

உடனே எழுத உட்கார்ந்தேன். 'கொட்டாஞ்சேனைக் கோயில் மணி மூன்று முறை ஒலித்தபோது, வின்சன்ற்றின் நடுங்கும் விரல்...'

அடித்துவிட்டேன். மணியும் ஒலிக்கவில்லை, விரலும் நடுங்கவில்லை.

2. (தொடங்குமுன் கவனிக்க)

கைநூலைச் செய்துபார்க்கப்போகும் வின்சன்ற்றின் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. புதுக்கடை நீதிமன்ற வாசலில் பத்தொன்பது வருடமாக மனு தட்டச்சு செய்கிறவர் அவர். லினக்ஸ் போட்டால் மடிக்கணினியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், அத்தனை மனுக்களையும் துஷ்யந்தி முதல்நாளே வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட்டாள்.

என் முதல் வரைவில் இதைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தேன், உங்களைக் கொஞ்சம் பதறவைக்கலாமே என்றுதான். அவள் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வாசிக்கிற ஆக்களை ஏன் சும்மா பயப்படுத்துறீங்க? அழியிற விஷயத்தை முதல்ல சொல்லோணும்."

கைநூல் எழுதுகிறவளிடம் கதையைக் காட்டியது என் புத்தி. இனி எதை வைத்து உங்களை இழுத்துப் பிடிப்பேனோ தெரியவில்லை.

3.

இதை வைத்துத்தான். சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் லினக்ஸ் போடுவதற்காகப் பத்துப் பழைய மடிக்கணினிகளும் பத்துப் பேரும் இருப்பார்கள். துஷ்யந்திக்கு அன்றைக்கு வேலை, போகமுடியாது. கைநூல் மட்டும்தான் அங்கே இருக்கும். யாராவது ஒருவர் இடையில் சிக்கினால், 'இது எங்களுக்குச் சரிவராது' என்று பத்துப் பேரும் எழும்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். இரண்டு வருட உழைப்பு அது.

ஆகவே முந்திய ஞாயிற்றுக்கிழமை, வின்சன்ற் வீட்டில் ஒரு சோதனை. கைநூலைப் பார்த்து அவர் தனியாகச் செய்யவேண்டும். அவள் பக்கத்தில் இருப்பாள், ஆனால் வாய் திறக்கக்கூடாது.* அவரால் முடிந்தால் அச்சுக்குப் போகலாம்.

[மனைவி யோசெப்பின், வின்சன்ற்றுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண்களில் ஒரு... — வின்சன்ற் கல்யாணமே செய்யவில்லையாம். யோசெப்பினை நீக்குகிறேன். தேநீரை அவரே போட்டார்.]

* கைநூல் எழுதுகிறவர்களிடையே இது ஒரு வழக்கம். கதை எழுதுகிறவர்களிடையே இல்லாததால்தான் நான் இவ்வளவு கதைக்கிறேன்.

4.

வின்சன்ற் நல்ல வாசகர். ஒவ்வொரு படியையும் விரலை வைத்து வாசித்தார், செய்தார், பென்சிலால் சரி போட்டார். லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகினார். மொழியைத் தெரிவுசெய்தார், பெயரைத் தட்டினார். இருபத்தைந்து நிமிடத்தில் பதினோராம் படி: 'கணினியை மறுபடி தொடக்குங்கள்.' பன்னிரண்டாம் படி: 'உங்கள் புதிய கணினி தயார்.'

தொடக்கினார். வந்தது முதலாம் படியில் பார்த்த அதே திரை.

துஷ்யந்திக்கு உடனே விளங்கிவிட்டது. மறுபடி தொடக்கச் சொன்னதும், திரை திரும்ப வருமுன் பென் டிரைவைக் கழற்றவேண்டும். கழற்றாவிட்டால் கணினி அதிலிருந்தே மறுபடி தொடங்கும். நூறு முறை கழற்றிப் பழகிய கை, அதை எழுதவேண்டும் என்று அவளுக்குச் சொல்லவே இல்லை. அவமானமாக இருந்தது.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சலித்துக் கேட்டிருப்பார்கள். ஆனால் இவர் புதுக்கடை மனிதர். எதுவும் ஒரே தடவையில் முடிந்ததாக அவர் பார்த்ததே இல்லை.

"தவணை போட்டிருக்கு," என்றார் நிதானமாக, வழக்கை ஒத்திவைத்ததைச் சொல்வதுபோல. "திரும்ப முதல்ல இருந்து."

பென்சில் அடையாளங்களை அழித்துவிட்டு முதலாம் படியிலிருந்து மறுபடி செய்தார். அதே திரை. மூன்றாம் தடவைக்கும் அழிப்பானை எடுத்தார், முகத்தில் ஒரு குறையும் இல்லாமல்.

5.

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. அவள் வாய் திறந்து சொல்லிவிடுவது ஒன்று. அவள் சொல்லாமலிருக்க, வின்சன்ற் இன்றுவரை முதலாம் படியில் இருப்பது மற்றது. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அவருக்குத் திங்கட்கிழமை வேலை இருக்கிறது.

துஷ்யந்தி செய்தது வேறு. ஒன்றும் பேசாமல் கைநூலைத் தன்பக்கம் இழுத்து, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு வரி எழுதி, திரும்ப அவர் முன்னால் தள்ளினாள்.

அவர் விரலை வைத்து வாசித்தார். கணினியை மறுபடி தொடக்கி, பென் டிரைவைக் கழற்றினார். புதிய திரை வந்தது. அதில் அவர் பெயர் தமிழில் இருந்தது.

"வடிவா இருக்கு பிள்ளை," என்றார். "இப்ப நான் பாஸா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள்.

6.

ஆனால் கைநூல் பாஸா? அந்த வரி சேர்ந்தபின் யாரும் அதைத் தனியாகச் செய்துபார்க்கவில்லை. வின்சன்ற் இனிச் சோதனைக்கு உதவமாட்டார், எங்கே சிக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். ஐந்தாம் பகுதிவரை வந்த உங்களுக்கும் தெரியும். அவளுக்கு நாம் யாருமே பிரயோசனமில்லை.

எனவே முடிவை நான் எழுதவில்லை. இந்தக் கதையை வாசிக்காத ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன் துஷ்யந்தியிடம் அனுப்பிவையுங்கள். தயவுசெய்து அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.