சாவியண்ணன் வீட்டுக் கூடுகை

பூட்டிய ஆலயத்தின் படியில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கூரையில் விரிசல் கண்டதால், யாரும் உள்ளே போகக்கூடாது என்று இன்ஜினியர் புதுப் பூட்டாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் சாவி அவரிடம். என்னிடம் இருப்பது பழைய பூட்டின் சாவி. ஆனாலும் சபையில் எல்லோருக்கும் நான் இன்னும் சாவியண்ணன்தான்.

ஆலயத்தைப் பூட்டியதிலிருந்து சபை வாரம் ஒரு வீட்டில் கூடுகிறது. "சபைன்னா கட்டடம் இல்லண்ணே, நாமதான்," என்றார் போதகர். அவருக்கென்ன, வீடு நிறைய ஆள். முதல் வாரம் வெல்டர் வீட்டுக்கு நானும் போனேன். எல்லோரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தார்கள். ஆலயத்தில் என்றால் கதவருகே நிற்பேன், வருகிறவர்களுக்கு இடம் காட்டுவேன், ஃபேனைப் போடுவேன். தனி ஆள் என்பது எனக்கே மறந்திருக்கும். வெல்டர் வீட்டுக் கதவை வெல்டரே திறந்தார். எனக்கு அங்கே என்ன வேலை? மறுவாரத்திலிருந்து போகவில்லை. இந்தப் படிக்குத்தான் வருகிறேன்.

போன் அடித்தது. போதகரின் மனைவி.

"அண்ணே, அடுத்த வாரம் உங்க வீட்லன்னு இப்பதான் அறிவிச்சாங்க."

"என்னை யாரும் கேக்கவே இல்லையேம்மா."

"யாரும் மறுக்கலையேண்ணே."

எங்கள் சபை வழக்கம் அது. போதகர் அறிவித்துவிட்டு, மறுப்பு உண்டா என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் முடிந்தது கதை. மறுக்க வேண்டிய ஆள்தான் படியில் உட்கார்ந்திருந்தேனே.

அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் வீடு ஒரே அறை. அதில் பாதியை என் மனைவியின் இரும்புக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. படுக்கையில் விழுந்த பிறகு அவள் அதில்தான் கிடந்தாள். அவள் போனபின் அதில் யாரும் உட்காரவில்லை. நானும் தரையில்தான் படுக்கிறேன். அடக்கம் முடிந்து சபையார் படியிறங்கிப் போனதோடு சரி, அந்த அறைக்குள் வேறு ஆள் வந்ததில்லை. இவர்கள் வரக்கூடாது என்றிருந்தது. வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்றும் இருந்தது.

சனிக்கிழமை கட்டிலைச் சுவரோடு நிறுத்தி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

மறுநாள் வந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் வாசலில் நின்றுகொண்டேன். வெல்டர் சுவரைப் பார்த்தார்.

"இதை எதுக்குண்ணே நிறுத்தி வச்சிருக்கீங்க? கீழ போட்டா நாலு பேரு உக்காரலாம்ல."

என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போட்டும் விட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் சபை வழக்கப்படி அதுவும் சம்மதம்தான்.

மூட்டுவலிக்காரியான தையல்காரம்மா முதல் ஆளாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளை ஒட்டி இன்னும் சிலர். மீதிப் பேர் தரையில் நெருக்கியடித்துக்கொண்டார்கள். போதகர் சமையல் மேடையில் சாய்ந்தபடிதான் வேதம் வாசித்தார்.

"சாவியண்ணே, உள்ள வாங்க," என்றார்.

"இருக்கட்டும் ஐயா. யாராவது வருவாங்க."

வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வற்புறுத்தவில்லை. எல்லோரும் மௌனமாக ஜெபிப்போம் என்றார். கண்ணை மூடினேன். இத்தனை பேர் மூச்சு விடும் சத்தம் என் அறைக்குள் கேட்டது.

அப்போது கட்டில் கிரீச்சிட்டது. தலைமாட்டுப் பக்கம். என் மனைவி ஒருக்களித்துத் திரும்பும்போது கேட்கும் அதே சத்தம்.

"தண்ணி வேணுமா?"

கேட்டது நான்தான். வாய்விட்டு, அத்தனை பேர் நடுவே. உடம்பெல்லாம் கூசிப்போனது. அப்படியே படியிறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் அசையக்கூட இல்லை.

தையல்காரம்மாதான் மெல்லச் சொன்னாள். "கொஞ்சம் குடுங்கண்ணே."

தண்ணீர்ப் பானை அறையின் அந்தக் கோடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே, ஒவ்வொருவராக முழங்காலை மடக்கி எனக்கு வழிவிட்டார்கள்.