மாரடி

பிரபாவை அவன் என்றுதான் சொல்வேன். யாருக்குக் குத்தினாலும் குத்தட்டும். பெண்ணாய்ப் பிறந்தவன்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பேராக வைத்தது ஒன்றுதான் அவன் அப்பன் மாயவன் செய்த நல்ல காரியம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த அன்று, விருத்தாசலம் பீங்கான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த ஃபியூஸ் கட்டையை வீசி அவன் மண்டையை உடைத்த மனுஷன்.

அப்பன் அடிக்காத நாளில் பிரபா தன்னையே அடித்துக்கொண்டான். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பாழாய்ப்போன அந்த மார்பில் மாறி மாறிக் குத்துவான். வெளியே அம்மா அமிர்தத்துக்குத் தொம் தொம்மென்று கேட்கும். மார்பை எடுத்துவிடச் சென்னையில் கொடுத்த ஆபரேஷன் தேதி, ரத்தம் கட்டியிருந்ததால் ஒருமுறை தள்ளிப்போனது. இன்னொரு தரம் காயத்தோடு வந்தால் தேதியே கிடையாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து பல்லைக் கடித்துக் கையை அடக்கி வைத்திருந்தான். புதுத் தேதி அடுத்த வாரம்.

இந்த நேரம் பார்த்து மாயவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

பிணத்தைச் சுற்றிப் பெண்கள் வட்டம் கட்டி மாரடித்தார்கள். சுவரோரம் நின்ற பிரபாவை அத்தை செல்வநாயகி இழுத்து உள்ளே தள்ளினாள்.

"பெத்தவன் செத்துக் கெடக்குறான். பொட்டச்சி மாரடிக்காம வேடிக்க பாக்குறியா?" என்று அவன் கையைத் தூக்கி அவன் மார்பிலேயே அறைந்தாள்.

அந்த ஓர் அடிதான் அவளுடையது. பிறகு விழுந்ததெல்லாம் அவனுடையது. இறுக்கிப் போட்ட பனியனுக்குள் சதை நசுங்க நசுங்கக் குத்தினான். ஃபியூஸ் கட்டைக்காகக் குத்தினான், பொட்டச்சிக்காகக் குத்தினான். கடித்த உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. தேதி போய்விடும் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. அப்பன்மேல் என்ன பாசம் பாரேன் என்று மங்கலம்பேட்டைச் சொந்தங்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

அமிர்தத்துக்கு மட்டும் அந்தச் சத்தம் தெரியும். பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து பளாரென்று அவன் கன்னத்தில் விட்டாள். இரண்டு மணிக்கட்டையும் பிடித்து முறுக்கினாள். குறுக்கே வந்த செல்வநாயகியை ஒரே தள்ளு. அவள் மல்லாக்க விழுந்தாள். அதுவரை வாடி போடி என்றே கூப்பிட்ட தாய்தான் பேசினாள்.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரி போற ஒடம்பு. ஆம்பளைங்க மாரடிக்க மாட்டாங்கடா. வெளிய பந்தலுக்குப் போ."

வாசல்வரை அவனை நெட்டித் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்று, அவன் பங்குக்கும் சேர்த்துத் தன் மாரில் அடித்துக்கொண்டாள்.