அனாஹதம்

அக்கா தம்பிக்கு வைத்த பெயர் ‘நாதப்பிரம்மம்’. அவனுக்குப் பாட வராது. ஆனால் நாலு வடமொழிச் சொல் கைவசம் இருந்தால் நாள் முழுக்கப் பேச வரும்.

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அக்கா ஏறும் முதல் மேடை அன்று. நன்றாக அமைந்தால் மாதாமாதம் கச்சேரி தருவதாக அரங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். தம்பிக்கு அவள் முதுகுக்குப் பின்னால் தம்புரா மீட்டும் வேலை.

“மாத்திரை சாப்பிட்டதுல இருந்து வரி மறந்து மறந்து போகுதுடா. சரணத்துல நின்னுட்டேன்னா கையைப் பின்னால விட்டு உன் முழங்கால்ல தட்டுவேன். அடுத்த வார்த்தைய எடுத்துக் குடு. விளக்கம் குடுக்காத.”

“எனக்கேவா சொல்ற அக்கா?”

“உனக்குத்தான்டா சொல்லணும்.”

கச்சேரி தொடங்குமுன் மைக்கைப் பிடித்தான். தட்டினால் பிறப்பது ஆஹத நாதம். தட்டாமலே ஒலிப்பது அனாஹத நாதம், யோகியர் நெஞ்சுக்குள் கேட்பது என்றான். முன்வரிசை உருகியது. மிருதங்கக்காரர் கொட்டாவி விட்டார்.

அவன் பேச்சில் அவனே உருகிவிட்டதுதான் கோளாறு. சரணம் வந்தபோது கண்களை மூடி, முக்தியடைந்த முகத்துடன் மீட்டிக்கொண்டிருந்தான். பாட்டு நின்றது. முழங்காலில் ஏதோ பட்டது. லயம் உடம்பில் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டான். மறுபடி பட்டது, சற்றுப் பலமாகவே. இன்னும் ஆழத்துக்குப் போனான்.

“தம்பி, உசுரோட இருக்கியாப்பா?” என்று மிருதங்கக்காரர் முணுமுணுத்த பிறகே கண் திறந்தான். அக்காவின் பின்கழுத்தில் வியர்வை ஓடியது. பாதிச் சரணத்தை விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறிப் பல்லவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் செயலாளர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்னா விளக்கம் தம்பி! இனிமே மாசாமாசம் நீங்கதான் பேசணும்.” அக்கா பக்கம் திரும்பியதும் குரல் தணிந்தது. “உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆறட்டும்மா. அப்புறம் பார்ப்போம்.”

‘தப்பு என்னுடையது’ என்று சொல்ல வடமொழி தேவையில்லை. அவன் வாயிலிருந்து வந்தது, “சரிங்க சார்.”

அக்கா தம்புராவுக்கு உறை போட்டாள்.

“தட்டாதது எல்லாம் உனக்குக் கேக்குது. தட்டினதுதான் கேக்கல, இல்ல?”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பான். களைப்பாகச் சொன்னாள். முழங்கால் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

வாசலில் செயலாளர் இன்னும் நின்றிருந்தார். போய்ச் சொல்லிவிடலாம்தான். அவன் தம்புராவைத் தூக்கி, அதன் குடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினான்.