பூனைக்கு ஊசி நேரம்

“சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான் அத்தான். தினம் ரெண்டு வேளை ஊசி போடற பூனைய யாரு வெச்சுப்பா?”

மச்சான் சொன்னதில் தப்பில்லை. குழாய் மொத்த வியாபாரியான அவருக்கு ஓடாத சரக்கைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவர் மனைவி படுத்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும்.

பூனைக்குச் சர்க்கரை நோய். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் காலை ஊசி தவறிப்போயிற்று. மாலை ஊசியும் தவறினால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மிருக வைத்தியர் போனில் கைவிரித்துவிட்டார். அதற்கு ஊசி போடத் தெரிந்தவள் ஒருத்திதான்.

மச்சான் துண்டை விரித்துக்கொண்டு பாய்ந்தான். மணிக்கட்டில் கோடு வாங்கியதுதான் மிச்சம். பூனை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

“பூனையா இது? புலிக்குப் பங்காளி.”

“துண்டக் கீழ போடுங்க மாமா,” என்றாள் மகள், மூக்கு அடைத்த குரலில். “அம்மா ஒரு நாளும் அதைப் பிடிச்சதில்ல.” தாயின் கைப்பையிலிருந்து அழுத்தினால் டக்கென்று சத்தமிடும் கட்டைவிரல் அளவு க்ளிக்கரை எடுத்து நீட்டினாள். “அழுத்துங்கப்பா. சத்தம் வந்தா தீனி குடுத்தாகணும். கை தவறி அழுத்திட்டாலும் குடுக்கணும். அம்மா அதுல ரொம்பக் கறார்.”

“குடுக்கலேன்னா?”

“அப்புறம் அந்தச் சத்தத்தை அது நம்பாது.”

மனைவி பூனைக்குப் பாடம் நடத்திய நாட்களில் அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கிண்டல் அடித்திருக்கிறார். முக்காலியைப் பார்த்ததற்கு ஒரு க்ளிக், ஒரு மீன் துணுக்கு. கால் வைத்ததற்கு ஒன்று. மூடி கழற்றாத ஊசி பிடரியில் பட்டதற்கு ஒன்று. “பூனைக்கு டியூஷனா? பீஸும் நீயே கட்டறியா?” என்பார். அவள் சிரித்துவிட்டு அடுத்த துணுக்கை எடுப்பாள்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுத்தினார். டக். தீனி டப்பாவிலிருந்து துணுக்கு ஒன்றை எடுத்துக் கீழே வைத்தார்.

முதலில் மீசை வந்தது. பிறகு பூனை வந்தது. துணுக்கைத் தின்றது, கிண்ணத்துச் சாப்பாட்டையும் நக்கித் தீர்த்தது. யாரும் கூப்பிடவில்லை, தொடவில்லை. தானாக முக்காலியில் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைத் தாழ்த்தியது.

ஜாமீன் கேட்காமல், முன்பணம் கேட்காமல் எவரும் அவரிடம் உயிரை இப்படி ஒப்படைத்ததில்லை. இப்படி ஒரு நம்பிக்கையைத் துணுக்கு துணுக்காகக் கட்டியவளோடுதான் இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்.

மகள் அளவு பார்த்து ஊசியில் மருந்தை ஏற்றிக் கொடுத்தாள். குத்துவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கினார். ஊசி இறங்கியது. பூனை அசையவில்லை.

அழுத்தினார். டக். அதன்பின் கை நடுங்க ஆரம்பித்தது. அது பாட்டுக்கு டக், டக், டக் என்று ஓடியது. கூடத்தில் அழுகைகூட ஒரு கணம் நின்றது.

“அப்பா, போதும்ப்பா. விடுங்க.”

டப்பாவைக் கவிழ்த்தார். ஒரே துணுக்குதான் விழுந்தது. பூனை அதைத் தின்றுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“வண்டி வந்தாச்சு அத்தான்,” என்றான் மச்சான் வாசலிலிருந்து.

அவர் முக்காலி பக்கம் குனிந்தார்.

“மூணு பாக்கி. போயிட்டு வந்து தர்றேன்.”